லிங்க்டின்ல முகம் காட்டாம இனிமே வேலை கிடைக்காதா? (பினாங்கு, எலக்ட்ரானிக்ஸ்)

பாயான்_பாரு

எல்லாருக்கும் வணக்கம். பாயான் லெப்பாஸ்ல ஒரு தொழிற்சாலை, தரக் கட்டுப்பாட்டுல இன்ஜினியர். கம்பெனி பேர் வேணாம். ஆட்குறைப்பு வருதுன்னு கேன்டீன்ல ரொம்ப நாளா பேச்சு ஓடுது. எச்ஆர்ல கேட்டா சிரிச்சிட்டுப் போயிடுறாங்க.

படிச்சு முடிச்சதுலேர்ந்து இதே இடம்தான். லிங்க்டின் (வேலைத் தொடர்புக்கான தளம்) கணக்கு இருக்கு. ஆனா அதுல இருக்கிறவங்க முக்கால்வாசிப் பேர் என் பக்கத்து மேசைக்காரங்க. எனக்கு வேலை போனா அவங்களுக்கும் போகும், அவங்களைக் கேட்டு என்ன ஆகப்போகுது?

ஆன்லைன்ல ஒரு இலவச வகுப்புல உட்கார்ந்தேன். 'உங்களையே ஒரு பிராண்டா மாத்துங்க, தினமும் ஒரு பதிவு போடுங்க, உங்க கதையைச் சொல்லுங்க'ன்னாங்க. எனக்குச் சொல்ற மாதிரி கதை எதுவும் இல்ல. கோளாறு வந்த சர்க்யூட் போர்டை எடுத்து ஏன் கெட்டுப்போச்சுன்னு பார்க்கிறதுதான் என் வேலை. வீட்டுல அம்மா வேற, "நடக்கிறதுக்கு முன்னாடி ஊரெல்லாம் சொல்லி வைக்காதே, கண்ணு படும்"ங்கிறாங்க.

உண்மையிலேயே இதெல்லாம் பண்ணி யாருக்காவது பலன் இருந்திருக்கா?

தே_ஓ_கோசோங்

இல்லை. அடுத்த கேள்வி?

சரி, கொஞ்சம் விளக்கமா சொல்றேன். இந்த 'நீயே ஒரு பிராண்ட்' கூத்து 1997ல 'ஃபாஸ்ட் கம்பெனி' பத்திரிகையில டாம் பீட்டர்ஸ்னு ஒருத்தர் எழுதின கட்டுரையால பிரபலமானது. லிங்க்டின் வந்ததே 2003லதான். அன்னைக்கு ஆரம்பிச்ச பிரசங்கம் இன்னும் முடியல. இப்ப திறந்தா என்ன இருக்கு? 'பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்'னு தொடங்கி மூணு பக்கம் தற்பெருமை. காலையில அஞ்சு மணிக்கு எழுந்தேன், வாழ்க்கை மாறிடுச்சு. டேய், மார்க்கெட்ல மீன் விக்கிறவர் ரெண்டு மணிக்கே எழுந்திரிக்கிறார்.

உங்க அம்மா சொல்றதுதான் சரி.

பிறை_சார்ஜ்மேன்

தங்கச்சி, நான் சார்ஜ்மேன், ஏ0, அதாவது மின்சார வேலைக்குச் சான்றிதழ் வாங்கின ஆளு. பிறை பக்கம் தொழிற்சாலைகளுக்கு லோ வோல்டேஜ் வேலை. லிங்க்டின் எனக்குத் தெரியாது. முகநூல்ல மட்டும் படம் போடுவேன். பழைய சுவிட்ச்போர்டு எப்படி இருந்துச்சு, வேலை முடிஞ்சப்புறம் எப்படி இருக்கு, அவ்வளவுதான். கீழ ரெண்டு வரி: டெர்மினல் ஏன் கருகிச்சு, என்ன மாத்தினோம். குட் மார்னிங் படம், பொன்மொழி எதுவும் போட மாட்டேன்.

அதைப் பார்த்துட்டு எனக்கு முகமே தெரியாத ஒரு குத்தகைக்காரர் நேரா கூப்பிட்டார்னு சொன்னா பொய். நடந்தது வேற. என் மச்சானோட கூட்டாளி அந்தப் படங்களை ரொம்ப நாளா பார்த்துட்டே இருந்திருக்கார், லைக் கூட போட்டதில்ல. அவர் முதலாளி ஒருநாள் ஆள் கேட்கவும், "பிறையில ஒருத்தர் சுத்தமா வேலை செய்வார்"னு சொல்லியிருக்கார். படம் இல்லாட்டி எனக்கு மச்சான் உறவு மட்டும்தான் இருந்திருக்கும். வேலைன்னு வரும்போது அது மட்டும் போதாது.

ஒரு விஷயம் கவனம். சுருஹான்ஜாயா தெனாகா (எரிசக்தி ஆணையம்) சர்டிபிகேட்டைப் பெருமையா படம் எடுத்துப் போடுறாங்க பசங்க. அதுல ஐசி (அடையாள அட்டை) நம்பர் முழுசா இருக்கும். 12 இலக்கம், பிறந்த தேதி, பிறந்த மாநிலம் எல்லாம் அதுலயே வந்துரும். மறைச்சுட்டுப் போடுங்க. கிளையன்டோட சிங்கிள் லைன் டயகிராம் (மின்சார இணைப்பு வரைபடம்) சுவத்துல ஒட்டியிருந்தா அதுவும் படத்துல விழக்கூடாது.

கேஎல்_ஆளெடுப்பு

நான் பங்சார் சவுத்ல ஆளெடுக்கும் வேலை செய்றவ. தயாரிப்புத் துறைக்குத்தான் அதிகம் தேடுறேன், அதனால பாருவோட கேள்வி எனக்கு நேரடிக் கேள்வி.

தே ஓ கோசோங் சொல்ற அந்தப் பதிவுகளை நானும் படிக்கிறதில்ல. ஆளெடுக்கிறவங்க அந்தப் பக்கம் உலாத்திட்டு இருப்பாங்கன்னு யார் சொன்னது? தேடல் பெட்டியில நாலு சொல் அடிப்போம். பதவி, திறமை, ஊர், சில சமயம் ஒரு கருவியோட பேரு. வர்ற பட்டியல்ல முதல்ல கண்ணுல படுறது பேருக்குக் கீழ இருக்கிற தலைப்பு வரிதான். அது 220 எழுத்து வரைக்கும் போகலாம். நம்ம ஆளுங்க அதுல என்ன எழுதுறாங்க? 'சீனியர் இன்ஜினியர் 2', கம்பெனி பேரு. அந்த '2'க்கு என்ன அர்த்தம்னு உங்க கட்டடத்தைத் தாண்டினா யாருக்கும் தெரியாது.

அதனால பதிவு போடுறதெல்லாம் அப்புறம். முதல்ல தலைப்பு வரியும் 'அறிமுகம்' பகுதியும். அறிமுகத்துக்கு 2,600 எழுத்து இடம் இருக்கு, பாதிகூட வேணாம். எந்த மாதிரி போர்டு, எந்த மாதிரி கோளாறு, எந்தக் கருவியில கை பழகியிருக்கு. இதைச் சொன்னா போதும். 'குழுவாகச் செயல்படுபவர்', 'ஆர்வமுள்ளவர்'னு ஒருத்தரும் தேட மாட்டாங்க.

பாரு, உங்க நிலைமைக்குச் சில எச்சரிக்கை:

மாத்தம் செய்றதுக்கு முன்னாடி அமைப்புகளுக்குள்ள போய், மாத்துற விவரமெல்லாம் தொடர்புல இருக்கிறவங்களுக்கு அறிவிப்பா போறதை அணைச்சிருங்க. இல்லாட்டி உங்க மேனேஜருக்குத்தான் முதல்ல தெரியும்.

'வேலைக்குத் தயார்'ங்கிற வசதி ரெண்டு விதம். படத்தைச் சுத்திப் பச்சை வளையம் வந்தா ஊருக்கே தெரியும். இன்னொண்ணு ஆளெடுக்கிறவங்களுக்கு மட்டும். அதுல உங்க கம்பெனி ஆளெடுப்புக்காரங்களுக்குக் காட்டாம இருக்க லிங்க்டின் முயற்சி பண்ணும், ஆனா முழு உத்தரவாதம் இல்லைன்னு அவங்களே சொல்லியிருக்காங்க.

அம்மா சொல்ற கண்ணு விஷயம்: நீங்க எதையும் அறிவிக்கப் போறதில்ல. போர்டு ஏன் கெட்டுப்போச்சுன்னு எழுதப் போறீங்க. அதுல யார் கண்ணு பட?

யுஎஸ்எம்_கடைசி_வருசம்

அக்கா, எனக்கு 500+ கனெக்‌ஷன் காட்டுது, பார்த்தவங்களுக்கெல்லாம் அழைப்பு அனுப்பி சேர்த்தது. ஆனா இன்டர்ன்ஷிப்புக்கு மெசேஜ் போட்டா ஒருத்தர் கூட பதில் போடல. எண்ணிக்கை கூடினா மதிப்பு கூடும்னு சொன்னாங்களே?

கேஎல்_ஆளெடுப்பு

தம்பி, 500ஐத் தாண்டினா எல்லாருக்கும் அதே '500+'தான். 501 பேர் இருந்தாலும் 20,000 பேர் இருந்தாலும் பார்க்கிறவங்களுக்கு ஒண்ணுதான். மேல 30,000ல கதவைச் சாத்திருவாங்க. அந்த 500 பேர்ல எத்தனை பேருக்கு நீ என்ன படிக்கிறேன்னு தெரியும்?

ஓய்வு_மேலாளர்

இளையோர் உரையாடலில் ஒரு கிழவன் நுழைவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். ஜோர்ஜ் டவுனில் இருக்கிறேன். பணிக்காலம் முழுவதும் தொழிற்சாலைகளில்தான். பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் 1972இல் தொடங்கிய தலைமுறையைப் பார்த்தவன். அன்று வேலைக்கு ஆள் வேண்டும் என்றால் வாசலில் பலகை தொங்கும். அல்லது உள்ளே இருக்கும் அக்காமார் தங்கச்சிகளை அழைத்து வருவார்கள்.

பாரு முதல் பதிவில் ஒரு வரி எழுதியிருக்கிறார்: அவர் தொடர்பில் இருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் பக்கத்து மேசைக்காரர்கள். சிக்கலின் வேர் அதுதான். 1973இல் மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியலாளர் இதைப் பற்றி எழுதினார். பாஸ்டன் அருகே, தெரிந்தவர் மூலம் புதிய வேலைக்குப் போனவர்களிடம், தகவல் சொன்னவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்த்தோம் என்றவர்கள் 16.7 விழுக்காடு. எப்போதாவது என்றவர்கள் 55.6. அரிதாக என்றவர்கள் 27.8. காரணம் எளிது. நெருங்கியவர்களுக்குத் தெரிந்த செய்தி உங்களுக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும். எட்ட நிற்பவர்தான் வேறு வட்டத்துச் செய்தியைக் கொண்டு வருவார்.

நம் புலன (வாட்ஸ்அப்) குழுக்களை எண்ணிப் பாருங்கள். கோவில் குழு, பழைய மாணவர் குழு, குடியிருப்புக் குழு. ஆள் வேறு வேறு போல் தோன்றும். உள்ளே பார்த்தால் அதே முப்பது பேர்தான், ஒரே செய்தி நான்கு முறை வரும்.

பிறை_சார்ஜ்மேன்

ஐயா, மன்னிக்கணும். எனக்கு வந்த வேலையில பாதி கோவில் குழு மூலமா வந்ததுதான். அதைக் குறைச்சுச் சொல்லாதீங்க.

ஓய்வு_மேலாளர்

குறைத்துச் சொல்லவில்லை தம்பி. நீங்கள் சொல்வதற்கும் ஆதாரம் இருக்கிறது. 2022இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் இதையே லிங்க்டினில் சோதித்துப் பார்த்த கட்டுரை வெளிவந்தது. ஐந்தாண்டுக் காலத்தில் 2 கோடிப் பேரிடம், 'இவர்களை உங்களுக்குத் தெரியலாம்' என்று தளம் காட்டும் பரிந்துரைகளைச் சிலருக்கு ஒரு விதமாகவும் சிலருக்கு வேறு விதமாகவும் மாற்றிப் பார்த்தார்கள். (பயனருக்குச் சொல்லாமல் இப்படிச் செய்யலாமா என்ற சர்ச்சையும் எழுந்தது, அது வேறு கதை.) வேலை மாற அதிகம் உதவியது மிக நெருக்கமான தொடர்பும் அல்ல, முற்றிலும் அந்நியமான தொடர்பும் அல்ல, ஓரளவு எட்ட இருப்பவர்கள், அதாவது பொதுவான நண்பர்கள் சிலராவது இருப்பவர்கள். இன்னொன்றும் கண்டார்கள். கணினி சார்ந்த வேலை மிகுந்த துறைகளில் எட்ட இருப்பவர்கள் உதவினார்கள். அது குறைவாக உள்ள துறைகளில் நெருங்கியவர்களே உதவினார்கள்.

ஆக உங்களுக்கு மச்சானும் கோவிலும் சரி. பாருவுக்கு அது போதாது.

தே_ஓ_கோசோங்

ஐயா, இது நல்லா இருக்கு. என் பிரச்சினை ஆய்வுல இல்ல. எட்ட இருக்கிறவன் என்னை ஏன் கண்டுக்கணும்? அவனுக்கு என்ன லாபம்?

செந்தூல்_டெக்கோ

இதுக்கு நான் பதில் சொல்றேன். கல்யாண மேடை டெக்கோ பண்றேன், செந்தூல், கேஎல் சுத்துவட்டாரம். இன்ஸ்டாவுல லைக் போடுறவங்க வேற, டெபாசிட் கட்டுறவங்க வேற. ஆரம்பத்துல பொண்ணுங்களைக் கவரணும்னே பதிவு போட்டேன். பார்ப்பாங்க, சேமிச்சு வச்சுக்குவாங்க, அதைக் கொண்டுபோய் விலை குறைவான ஆளுகிட்ட "இதே மாதிரி வேணும்"பாங்க.

எனக்கு ஆர்டர் வர்ற வழி போட்டோகிராபர், மேக்கப் அக்கா, மண்டபத்து மேனேஜர். மேடை முடிஞ்சு விருந்தாளி வர்றதுக்குள்ள கொஞ்ச நேரம் கிடைக்கும். நாற்காலி உறை கசங்காம இருக்கும், குத்துவிளக்குல எண்ணெய் சிந்தியிருக்காது, யாரோட கைப்பையும் மேடை ஓரத்துல இருக்காது. அந்த நேரத்துல போட்டோகிராபரைக் கூப்பிட்டு விளக்கெல்லாம் அவர் கேட்கிற மாதிரி போட்டுக் கொடுப்பேன். அவருக்கு அவர் பக்கத்துல போடுறதுக்கு நல்ல படம், எனக்கும் நல்ல படம். போடும்போது மேக்கப், மண்டபம், பூ கட்டினவங்க எல்லாரையும் டேக் பண்ணி, யார் என்ன செஞ்சாங்கன்னு ஒரு வரி எழுதுவேன். அவங்களும் பகிர்வாங்க. அவங்க வாடிக்கையாளர் கண்ணுல நான் படுவேன். அவனுக்கு என்ன லாபம்னு கேட்டீங்களே, லாபத்தை முதல்ல நீங்க கொடுங்க.

போட்டிக்காரங்ககிட்டயும் அப்படித்தான். முகூர்த்த நாள்ல ஒரே தேதிக்கு ரெண்டு ஆர்டர் வந்தா ஒண்ணை என்கிட்ட தள்ளிவிடுற டெக்கோ இருக்காங்க, கிள்ளான்ல. அவங்க பதிவுல துணி மடிப்பு பத்தி நான் கேட்ட கேள்வியிலதான் பழக்கமே ஆரம்பிச்சது.

ஆடியில ஆர்டரே கிடையாது. அப்பத்தான் செயற்கைப் பூவை எப்படிக் கழுவி எடுத்து வைக்கிறதுன்னு வீடியோ போடுறது. அதுக்குத்தான் பார்வை அள்ளிட்டுப் போகுது, கல்யாண மேடைக்கு அவ்வளவு வரல. என்ன பண்றது.

யுஎஸ்எம்_கடைசி_வருசம்

தமிழ்ல போடுறதா, இங்கிலீஷா, மலாயா?

செந்தூல்_டெக்கோ

எங்க தொழிலுக்குத் தமிழ். விலை, தேதி விவரம் மட்டும் இங்கிலீஷ்ல, ஏன்னா மண்டபத்துக்காரங்களும் படிக்கணும்.

கேஎல்_ஆளெடுப்பு

லிங்க்டின் விவரப்பக்கம் இங்கிலீஷ்லயே இருக்கட்டும், தேடுற சொல் எல்லாம் அதுலதான். பதிவு எந்த மொழியிலும் போடலாம். தமிழ்ல தொழில்நுட்பம் எழுதுறவங்க குறைவு, அதனாலேயே ஞாபகம் நிக்கும்.

டெக்கோ அக்கா சொன்னதைப் பாருவுக்கு ஏத்த மாதிரி சொல்றேன். சொந்தப் பதிவை விட மத்தவங்க பதிவுக்குக் கீழ எழுதுறதுதான் உங்களுக்குச் சரிவரும். கூலிம் ஹைடெக் பார்க்ல, பாத்து காவான்ல, உங்க வேலையையே செய்ற இன்ஜினியர்ங்க இருக்காங்க. அவங்க ஒரு சிக்கலைப் பத்தி எழுதினா, 'அருமையான பதிவு'ன்னு போடாதீங்க. உங்களுக்குத் தெரிஞ்சதுல ஒண்ணைப் போடுங்க. ஒரு மாதிரி எழுதிக் காட்டுங்களேன், பார்ப்போம். கம்பெனி ரகசியம் எதுவும் வேணாம்.

பாயான்_பாரு

இதுவரைக்கும் படிச்சேன், எல்லாருக்கும் நன்றி. முயற்சி பண்றேன்.

ஒருத்தர் எழுதியிருந்தார்: பிஜிஏ சிப் (அடியில குட்டிக் குட்டி சால்டர் பந்துங்களால போர்டுல ஒட்டுற சிப்) வச்ச போர்டு, சோதனையில ஒரு தடவை பாஸ் ஆகுது, அடுத்த தடவை ஃபெயில். எக்ஸ்ரேயில பார்த்தா பந்து எல்லாம் சரியா இருக்கிற மாதிரி தெரியுதாம். நான் எழுத நினைச்சது:

"பந்தும் சால்டர் பேஸ்ட்டும் உருகியும் ஒண்ணோட ஒண்ணு கலக்காம, தலையணையில தலை வச்ச மாதிரி உட்கார்ந்திருக்கலாம். மேலேர்ந்து எடுக்கிற எக்ஸ்ரேயில அது தெரியாம போயிடும். சாய்ச்சு வச்சு எடுத்துப் பாருங்க. கெட்டுப்போன பந்து எல்லாம் சிப்போட மூலையிலேயே இருந்தா, அடுப்புச் சூட்டுல சிப்போ போர்டோ வளையுதான்னு முதல்ல பார்க்கணும். இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு சிதறி இருந்தா, நான் பேஸ்ட் பக்கம், பந்து மேல ஆக்சைடு பக்கம் போவேன். ஈயம் இல்லாத எஸ்ஏசி305 சால்டர் உருகுறதே ஏறக்குறைய 217 டிகிரியில. சிப்போட ஓரமும் நடுவும் அந்தச் சூட்டைத் தாண்டி எவ்வளவு நேரம் நிக்குதுன்னு தனித்தனியா அளந்தீங்களா?"

ரொம்ப நீளமா?

ஓய்வு_மேலாளர்

எனக்குக் கீழே நீங்கள் வேலை செய்திருந்தால் அன்றைக்கே என் குழுவுக்கு இழுத்திருப்பேன்.

கேஎல்_ஆளெடுப்பு

நீளமே இல்ல. கடைசியில கேள்வி இருக்கு பாருங்க, அதுக்கு அவர் பதில் போட்டே ஆகணும். "எனக்குச் சொல்ற மாதிரி கதை எதுவும் இல்ல"ன்னு எழுதினவங்களா இது!

இப்ப தலைப்பு வரி. 'சீனியர் குவாலிட்டி இன்ஜினியர்' மட்டும் வேணாம். இப்படி: 'எஸ்எம்டி தரப் பொறியாளர் | பிஜிஏ சால்டர் கோளாறு, எக்ஸ்ரே ஆய்வு, 8டி அறிக்கை | பினாங்கு'. அங்க இங்கிலீஷ்ல போட்டுக்குங்க. (மத்தவங்களுக்கு: எஸ்எம்டின்னா போர்டு மேல பாகங்களை ஒட்டுற முறை, 8டின்னா கோளாறுக்குக் காரணம் கண்டுபிடிச்சுச் சரிசெய்ற எட்டுப் படி அறிக்கை.) கம்பெனி பேரு கீழ அனுபவத்துல தானா வரும், தலைப்புல தேவையில்ல.

அவர் பதில் போட்டு ரெண்டு மூணு தடவை பேச்சு ஓடினப்புறம் இணைப்பு அழைப்பு அனுப்புங்க, எந்தப் பதிவுல பேசினோம்னு ஒரு வரி குறிப்போட. இலவசக் கணக்குல மாசத்துக்குச் சில அழைப்புக்குத்தான் குறிப்பு சேர்க்க விடுவாங்க, அதனால பார்த்துச் செலவு பண்ணுங்க. முதல் மெசேஜ்லயே வேலை இருக்கான்னு கேட்காதீங்க. அந்த யுஎஸ்எம் தம்பி அதைத்தான் பண்ணியிருப்பார்.

யுஎஸ்எம்_கடைசி_வருசம்

அக்கா 😭

தே_ஓ_கோசோங்

சரி, பாரு எழுதினதைப் படிச்சேன். அது தற்பெருமை இல்ல, ஒத்துக்கிறேன். ஆனா மத்த 99 பேர் எழுதுறது பத்தி என் கருத்து மாறல.

இன்னொண்ணு. லிங்க்டின்ல சுறுசுறுப்பா இருக்க ஆரம்பிச்சதும் டெலிகிராம்லயும் வாட்ஸ்அப்லயும் 'எச்ஆர்'ங்க வருவாங்க. வீட்டுலேர்ந்தே வேலை, நாளுக்கு இவ்வளவு வெள்ளி (ரிங்கிட்), முதல்ல கொஞ்சம் கட்டுங்கன்னு. கம்போடியா, மியன்மார்னு கூட்டிட்டுப் போய் அடைச்சு வச்ச கதையெல்லாம் நம்ம ஊர்லயே நடந்திருக்கு. பணம் அனுப்பிட்டா உடனே 997க்கு அடிங்க, தேசிய மோசடி எதிர்ப்பு மையம். அனுப்புறதுக்கு முன்னாடியே போலீசோட 'செமாக் மியூல்' பக்கத்துல அந்த வங்கிக் கணக்கு எண்ணைப் போட்டு மோசடிப் புகார் இருக்கான்னு பார்க்கலாம்.

பிறை_சார்ஜ்மேன்

பாரு தங்கச்சி, அதோட இதையும் எழுதி வச்சுக்குங்க: வேலை போயிட்டா 60 நாளுக்குள்ள பெர்கெசோவுல (சமூகப் பாதுகாப்பு அமைப்பு) வேலைக் காப்புறுதிக்கு விண்ணப்பம் போட்டுரணும். சம்பளத்துல மாசாமாசம் பிடிச்சிருப்பாங்க, பாதிப் பேருக்கு அது இருக்கிறதே தெரியல. என் கூட்டாளி ஒருத்தன் நாள் கடந்து போய் நின்னான்.

பாயான்_பாரு

இது எனக்குத் தெரியாது அண்ணே. குறிச்சுக்கிட்டேன்.

அந்தப் பதிவுக்குக் கீழ போட்டுட்டேன். மறுநாளே பதில் வந்துச்சு. மூலைப் பந்துங்கதானாம். சூடு அளந்த வரைபடத்தைப் போட்டு "இதுல என்ன தெரியுது?"ன்னு கேட்டிருக்கார். கீழ இன்னும் ரெண்டு பேர் வந்து விவாதம் பண்றாங்க, ஒருத்தர் கூலிம்காரர். வேலை பத்தி யாரும் எதுவும் பேசல. ஆனா என் பக்கத்து மேசைக்காரங்களைத் தவிர வேற ஆளுங்ககிட்ட இதைப் பத்திப் பேசினது எனக்கு இதான் முதல் தடவை.

அம்மாகிட்ட காட்டினேன். "படத்துல முகம் இல்லையே, அப்ப சரி"ன்னுட்டாங்க.

கேஎல்_ஆளெடுப்பு

விவரப்பக்கத்துல முகம் வைக்கணும். அம்மாகிட்ட சொல்லாதீங்க.

யுஎஸ்எம்_கடைசி_வருசம்

அக்கா, கடைசியா ஒண்ணே ஒண்ணு. என் தலைப்பு வரியில 'நிறுவனர், தலைமை நிர்வாக அதிகாரி'ன்னு இருக்கு. டீ-ஷர்ட் அச்சடிக்கிற பிசினஸ். எடுத்துரவா?

கேஎல்_ஆளெடுப்பு

எஸ்எஸ்எம்ல (கம்பெனி பதிவு ஆணையம்) பதிவு பண்ணியிருக்கியா? எத்தனை பேர் வேலை செய்றீங்க?

யுஎஸ்எம்_கடைசி_வருசம்

பதிவு பண்ணியாச்சு, சொந்தப் பேர்லயே, 30 வெள்ளிதான். நானும் என் தம்பியும். தம்பி விடுமுறையில மட்டும்.

கேஎல்_ஆளெடுப்பு

'தலைமை நிர்வாக அதிகாரி'யை எடுத்துரு. எந்தத் துணியில எந்த மையில அச்சடிக்கிறேன்னு போடு. தனி இழை தொடங்கு, அங்க பார்க்கிறேன்.

செந்தூல்_டெக்கோ

தம்பி, கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழனுங்களுக்கு டீ-ஷர்ட் அடிப்பியா? கேஎல்லுக்கு அனுப்ப முடியும்னா உள்பெட்டியில வா.